‘பாண்டி’ – பெயரா, வசவா?

பழவங்காடி:

பழவங்காடி கணபதி கோவில் முன்னே விடிந்தது முதல் இருட்டும் வரை தேங்காய் உடைபடும் சத்தம் ஓய்வதில்லை. இந்தக் கோவிலைப் பராமரித்து வருவது ராணுவம்; அதிலும் மதராஸ் ரெஜிமெண்ட். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கிழக்கேகோட்டை பஸ் நெரிசல். தலையில் மூட்டையோடு, எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் தடுமாறும் தென்காசிப் பக்கத்துத் தொழிலாளி ஒருவரைப் பார்த்து, “மாறி நில்லெடா, பாண்டி” என்று ஒரு குரல் எழுகிறது. மூட்டைக்காரர் மாறி நிற்கிறார். பதில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் நாளுக்குப் பத்துத் தரம் கேட்ட குரல் இது. இப்போது குறைந்திருக்கிறது என்று சாலைக் கம்போளத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். குறைந்திருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்கும் மலையாள நண்பர்கள் உண்டு. பாண்டி நாட்டிலிருந்து வந்தவன் பாண்டி, அவ்வளவுதானே என்பார்கள். அகராதிப்படி அவர்கள் சொல்வது சரி. அகராதி எழுதுகிறவரை யாரும் பஸ் ஸ்டாண்டில் வைத்து அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதுதான் சங்கடம்.

வெறும் மனத்தாங்கல் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16ஆம் தேதி வெளியாயிற்று. 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு ஆட்கள் எண்ணப்படுகிறார்கள். அதில் தாய்மொழி எது என்று ஒரு கேள்வி உண்டு. இம்முறை சாதி எது என்றும் எல்லோரிடமும் கேட்கப்படுகிறது. தெருவிலே ஒரு பெயருக்குப் பயந்தவன், காகிதத்திலே எந்தப் பெயரைச் சொல்வான்? கேரளத்துத் தமிழர்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

மேளத்துக்குப் பெருமை, ஆளுக்கு இழிவு

பாண்டி என்பது முதலில் ஒரு நாட்டின் பெயர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் ஆரியங்காவுக் கணவாய்க்கும் கிழக்கே இருப்பது பாண்டி என்பது திருவிதாங்கூர்க் காலத்து வழக்கு. மலையாளிகள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நாஞ்சில் நாட்டுத் தமிழர்களே திருநெல்வேலிக்காரரைப் ‘பாண்டிக்காரர்’ என்றுதான் குறிப்பிட்டு வந்தார்கள். அதில் வசவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் ‘நாங்கள் வேறு’ என்ற மிதப்பு வேண்டுமானால் இருந்திருக்கும்.

திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தற மேளம் என்று ஒன்று நடக்கிறது. நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்கள் சேர்ந்து கொட்டுவதைக் கேட்க, வெயிலிலே பெருங்கூட்டம் கைகளை உயர்த்தித் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த மேளத்தின் வகைக்குப் பெயர் என்ன தெரியுமா? பாண்டி மேளம். அதைச் சொல்லும்போது எந்த மலையாளிக்கும் முகம் சுளிப்பதில்லை, பெருமைதான்.

அப்படிப்பட்ட சொல் எப்போது கெட்டது? வருடம், தேதி சொல்ல முடியாது. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். தலைமைச் செயலகத்தில் தமிழர் ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தால் அவரை எவரும் பாண்டி என்று கூப்பிடுவதில்லை. சாலையில் மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்யும் செட்டியாரையோ, கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருப்பவரையோ முகத்துக்கு நேரே கூப்பிடுவதில்லை. மூட்டை தூக்குகிறவர், ஆக்கிரி சாமான் பொறுக்குகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், ரோட்டில் தார் போடுகிறவர் ஆகியோருக்கே அந்தப் பெயர். சத்தம் போட்டுக்கொண்டு பெரும் பாரத்தோடு வரும் லாரிக்குக்கூட ‘பாண்டி லோரி’ என்ற பெயர் உண்டு. 2005இல் ‘பாண்டிப்படா’ என்று ஒரு மலையாளப் படமே வந்தது. தமிழ்நாட்டுக் கிராமமும் அடிதடியும் வேடிக்கையும் அதன் சரக்கு. ஆக, ஊரைக் குறித்த சொல் கூலியைக் குறிக்கும் சொல்லாகி, பிறகு கூலிக்காரனின் அழுக்கையும் அறியாமையையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

‘அண்ணாச்சி’யின் கதை இதற்கு நேர் எதிர். அது திருநெல்வேலிச் சீமையின் மரியாதைச் சொல். திருவனந்தபுரத்து மலையாளி பலசரக்குக் கடையில் நின்று “அண்ணாச்சி, அர கிலோ பருப்பு” என்று கேட்டால் அதில் உறவுதான் தொனிக்கிறது. அதே சொல்லை இழுத்துச் சொல்லி, கண்ணடித்துச் சிரித்தால் கேலி. எழுத்து மாறவில்லை, இழுப்பு மாறுகிறது.

நம்மவர்களையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து ஆபீசில் உட்காரும் குமாஸ்தாக்களில் சிலர், தமிழில் பேசும் கூலியாட்களைக் கண்டால் மலையாளத்துக்கு மாறிவிடுகிறார்கள். ‘அது பாண்டிக் கூட்டம், நாங்கள் பழைய திருவிதாங்கூர்’ என்று விளக்கம் வேறு. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும், 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் தமிழர் என்ற ஒரே பெயரின் கீழேதான். ஆபத்து வந்தால் ஒரே பெயர். ஆபீசுக்கு வந்தால் இரண்டு பெயரா?

ஒரே ‘மதராசி’ இரண்டு விதம்

இனி பம்பாய்க்குப் போவோம். 1966 ஜூன் 19ஆம் தேதி சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் குறி தென்னாட்டு குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் ஓட்டல்காரர்களும். ‘மதராசி’, ‘லுங்கிவாலா’ என்ற சொற்கள் சுவர்களிலும் மேடைகளிலும் ஏறின. அந்த மதராசியில் தமிழர் மட்டுமா அடக்கம்? கன்னடர், தெலுங்கர், மலையாளி எல்லோரும் அடக்கம். பாலக்காட்டு மேனன் தமக்கும் மதுரைக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க முயன்றால், கல்லெறிகிறவனுக்கு அதைக் கேட்கப் பொறுமை இருக்காது. ஊரில் பாண்டி என்று சொல்லிப் பழகிய வாய், பம்பாயில் மதராசி என்ற வசவை வாங்கிக்கொண்டது. வளைகுடாவுக்குப் போனால் இருவரும் சேர்ந்து ‘ஹிந்தி’. அரபு மொழியில் இந்தியனுக்கு அதுதான் பெயர். அங்கே அது ஒரு நாட்டுக்காரனைக் குறிக்கும் சாதாரணச் சொல். ஆனாலும் எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பதை அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அறிவார்கள்.

மதராசி என்ற இதே சொல்லுக்குப் பழவங்காடியில் வேறு கதை. திருவிதாங்கூர் மன்னர்களின் நாயர் பட்டாளம், சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தோடு சேர்க்கப்பட்டு மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன் ஆயிற்று. பட்டாளத்துப் பிள்ளையாரும் அந்த வழியில்தான் ராணுவத்தின் பொறுப்புக்கு வந்தார். தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும் தோளோடு தோள் நிற்கும் அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கம் “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்பது. பம்பாய்த் தெருவில் தலை குனிய வைத்த சொல், போர்முனையில் நெஞ்சை நிமிர்த்த வைக்கிறது. அவர்களே ஏற்றுக்கொண்டு, அவர்களே முழங்கும் பெயர் அது. மற்றவன் எறிந்த பெயர் அல்ல.

மாநிலத்தின் பெயரே மதராஸாக இருந்ததை மாற்ற வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்து, 1956 அக்டோபர் 13ஆம் தேதி உயிர் துறந்தார் சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18ஆம் தேதி சட்டசபைத் தீர்மானம். 1969 ஜனவரி 14ஆம் தேதி தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று அப்போதும் டில்லியில் கேட்டவர்கள் உண்டு. ட்ரிவாண்ட்ரம் என்று ஆங்கிலத்தில் எழுதி வந்ததை 1991இல் திருவனந்தபுரம் ஆக்கியபோதும், கேரளா என்பதைக் ‘கேரளம்’ என்று மாற்றக் கோரி 2024 ஜூனில் இங்குள்ள சட்டசபை தீர்மானம் போட்டபோதும் அந்தக் கேள்வியை மலையாளிகள் ரசித்திருக்க மாட்டார்கள். தன்னைத் தான் எப்படி அழைத்துக்கொள்வது என்பதில் ஒரு கூட்டத்துக்கு இருக்கும் பிடிவாதம் இரு பக்கமும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலும் இதே கூத்துதான். டீக்கடை வைத்திருக்கும் மலையாளி எவராயினும் அவர் ‘நாயர்’. அவர் மாப்பிள்ளை முஸ்லிமாக இருக்கலாம், ஈழவராக இருக்கலாம், சிரியன் கிறிஸ்தவராக இருக்கலாம். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் நாயர்தான். சிரித்துக்கொண்டே டீ ஆற்றுகிறார். முல்லைப் பெரியாறு அணைத் தகராறு 2011 டிசம்பரில் முற்றியபோது அந்தச் சிரிப்பு போயிற்று. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடினார்கள். அணையின் நீர்மட்டம் பற்றி அந்த டீக்கடைக்காரருக்கும் ஏலக்காய் பறித்த பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் ‘மலையாளத்தான்’, மற்றவர் ‘பாண்டி’. அவ்வளவு போதுமானதாயிற்று.

புனலூரில் ‘சிலோன்காரர்’

கடல் தாண்டிப் போனவர்களின் அனுபவம் இதைவிடக் கசப்பு. மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. இரண்டும் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் நினைவாக நிற்பவை. கலிங்கத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் ‘கிளிங்’ என்ற அந்தச் சொல் அன்று பாரத நாட்டுத் தென்கரை வியாபாரிக்கு மரியாதையான பெயர். தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் ஏராளமாகப் போய் இறங்கிய பிறகு அதே சொல் மலேசியாவில் வசவாகிவிட்டது. கட்டடத்தின் மேல் இருந்தால் சரித்திரம். ஆளின் மேல் விழுந்தால் அவமானம்.

இலங்கையில் விவகாரம் வசவோடு நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு கட்டம் போட்டார்கள். கணக்கு வசதிக்குப் போட்ட கோடு என்று அன்று தோன்றியிருக்கும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். தேயிலையை வளர்த்தவர்கள் ‘கள்ளத்தோணி’ ஆனார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்துக்கே வந்தார்கள். கொல்லம் மாவட்டம் புனலூரில் அவர்களுக்காகவே 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் வேலை தரப்பட்டது. இலங்கையில் நூறு ஆண்டு இருந்தும் ‘இந்தியர்’ என்று சொல்லித்தான் அவர்களை அனுப்பினார்கள். இந்தியாவில் கால் வைத்ததும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? ‘சிலோன்காரர்’! எந்தக் கரையிலும் அந்தக் கரைக்காரர் என்று அவர்களுக்குப் பெயர் வைக்க ஆள் இல்லை.

அங்கேயே தங்கிவிட்டவர்கள் தங்களுக்கு ஒரு பெயரைத் தாங்களே தேடிக்கொண்டார்கள்: மலையகத் தமிழர். 2023இல், தங்கள் முன்னோர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய பாதையிலேயே நடந்தார்கள். ‘இந்திய’ என்ற அடைமொழி மலையாகிவிட்டது. ஊரும் உழைப்பும் அதிலே இருக்கிறது.

இப்போது ‘பெங்காளி’

சாலையிலும் சாக்கையிலும் இன்று கட்டட வேலைக்கு வரும் தமிழர்கள் குறைவு. அந்த இடத்துக்கு வங்காளம், அஸ்ஸாம், ஒடிஸா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சுமார் 25 லட்சம் என்று 2013இல் திருவனந்தபுரம் குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டது. பேச்சு வழக்கில் இவர்கள் அத்தனை பேரும் ‘பெங்காளி’. ஒடியாக்காரர் தாம் வங்காளி இல்லை என்று சொன்னாலும், சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி பெங்காளி என்றே கூப்பிடுகிறார்கள். பாண்டியின் நாற்காலியில் பெங்காளி வந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படிக் கூப்பிடுகிறவர்களில் தமிழர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலோ ‘வடக்கன்’. 2023 மார்ச் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போக நேர்ந்தது.

கேரள சர்க்கார் இவர்களுக்கு ஒரு நல்ல பெயர் வைத்தது: ‘அதிதி தொழிலாளி’, அதாவது விருந்தாளித் தொழிலாளி. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2017இல் ‘ஆவாஸ்’ இன்ஷ்யூரன்ஸ் திட்டமும், பிறகு கஞ்சிக்கோட்டில் ‘அப்னா கர்’ விடுதியும் அந்தப் பெயரோடு சேர்ந்து வந்தவை. வெறும் சொல்லாக நிற்கவில்லை என்பதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனாலும் விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர் என்றுதானே பொருள்? பத்து ஆண்டு ஒரே ஊரில் சுவர் எழுப்பியவரை விருந்தாளி என்பது உபசாரமா, ஒதுக்கலா என்று யோசிக்க இடம் இருக்கிறது. விருந்தாளியை யாரும் வீட்டு விவகாரத்தில் அபிப்பிராயம் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பட்டியல் சாதியினரை, பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஊர்ப் பெயரையோ மொழிப் பெயரையோ சொல்லித் திட்டினால் அத்தகைய தனிச் சட்டம் கிடையாது. கூட்டங்களுக்கிடையே பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதையின் 196ஆம் பிரிவு உண்டு. பிறந்த இடம், மொழி இரண்டும் அதில் வருகின்றன. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் இன்னொருவனைப் பாண்டி என்பதற்கு அது எளிதில் பொருந்தாது. டில்லியில் 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர், முகத்தையும் முடியையும் வைத்துக் கேலி செய்ததில் மூண்ட தகராறில் அடிபட்டு இறந்த பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பரூவா கமிட்டி, இனப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதையே குற்றமாக்கச் சிபாரிசு செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவரைக் கொன்றால் அதற்கெனத் தனி உட்பிரிவு இருக்கிறது. உயிர் போனால் சட்டம் வருகிறது. பெயர் போனால் வருவதில்லை.

சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பெயர்

பெயர்களெல்லாம் பொல்லாதவை, மனிதன் என்று மட்டும் சொல்லிக்கொள்வோம் என்று பேசுவது மேடைக்கு அழகு. ரயில்வே முன்பதிவுப் படிவத்தில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள். தாய்மொழியும் சாதியும் கேட்பதில்லை. ரயில் அதனால் நின்றுவிடுவதில்லைதான். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், தாலுகா ஆபீசில் சர்ட்டிபிகேட் வாங்கவும் போனால் மனிதன் என்ற பெயர் போதாது.

கேரளத்தில் தமிழர்களுக்குச் சட்டம் தந்திருக்கும் பெயர் ‘மொழிச் சிறுபான்மையினர்’. உப்புச் சப்பில்லாத பெயர். யாரும் இதைச் சொல்லிக் கோஷம் போடுவதில்லை. யாரும் இதைச் சொல்லித் திட்டுவதும் இல்லை. ஆனால் இதில்தான் பசை இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே மனு எழுதலாம். பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். பப்ளிக் சர்வீஸ் கமிஷன் ‘தமிழும் மலையாளமும் அறிந்த’ குமாஸ்தா என்று தனியாகவே வேலைக்கு ஆள் எடுக்கிறது. எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த அறிவிப்பு கண்ணில் படுகிறது என்பது வேறு விஷயம்.

இந்த உரிமைகளெல்லாம் தலையெண்ணிக்கையில் தொங்குகின்றன. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் ஆசிரியர் வேண்டும் என்பது 1949இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒப்புக்கொண்ட அளவு. இன்றும் அதுதான் அளவுகோல். ஒரு பகுதியில் நூற்றுக்குப் 15 பேர் இருந்தால் முக்கியமான சர்க்கார் அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வர வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு வகுத்த விதி. 2001 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஆறு லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். 2011இல் ஐந்து லட்சத்தை ஒட்டிக் குறைந்துவிட்டார்கள். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் தொகை கூடி ஏழு லட்சத்தைத் தாண்டிற்று. இங்கே குறைந்ததற்கு, கூலி வேலைக்கு வருகிறவர்கள் குறைந்ததும் மூணாறு மலையிலிருந்து பலர் இறங்கியதும் காரணமாக இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ‘மலையாளம்’ என்று சொல்லிவிட்டதும் ஒரு காரணம் என்று நினைக்க இடமுண்டு. பாண்டி என்ற சொல்லின் உண்மையான சேதாரம் அங்கேதான் கணக்கில் ஏறுகிறது.

சாதிப் பெயரின் கதை இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பிழைப்புக்காகக் கேரளத்துக்கு வந்து குடியேறினால், கேரள சர்க்காரின் இடஒதுக்கீடு அவருக்குக் கிடையாது. அதே பெயருள்ள சாதி கேரளத்துப் பட்டியலில் இருந்தாலும் கிடையாது. 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. 2018இல் பீர்சிங் வழக்கிலும் உறுதி செய்யப்பட்டது. பட்டியல் உத்தரவு பிறந்த 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தேவிகுளம் தோட்ட லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த பாட்டனாருக்கு எந்த ஆதாரத்தைத் தேடுவது? மத்திய சர்க்கார் வேலைக்கு மட்டும் சொந்த மாநிலத்துச் சர்ட்டிபிகேட் செல்லும். ஆக, ஊரார் கண்ணில் அவர் சாதியும் மாறவில்லை, வாயில் பாண்டி என்ற பெயரும் மாறவில்லை. உதவி தரக்கூடிய பெயர் மட்டும் செங்கோட்டையைத் தாண்டியதும் ரத்தாகிவிடுகிறது.

தாய்மொழிக் கட்டம்

கணக்கெடுப்பு விதிகளில் தாய்மொழிக்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சிறு பிராயத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழி எதுவோ அதுவே ஒருவரின் தாய்மொழி. தாய் அப்போதே இறந்திருந்தால் வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. எந்த மொழியில் படித்தோம், ஆபீசில் எதைப் பேசுகிறோம், ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு சம்பந்தம் இல்லை. வந்திருப்பவர் சொல்லப்பட்டதை எழுத வேண்டியவரே தவிர, இவர் பேச்சைப் பார்த்தால் மலையாளி போலிருக்கிறதே என்று தாமாக எழுதக் கூடாது. மலையாளம் நன்றாகத் தெரியும் என்பவர்கள் அதைச் சொல்லத் தனிக் கட்டம் இருக்கிறது. அறிந்த பிற மொழிகள் இரண்டை அங்கே குறிப்பிடலாம். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்கத் தேவையில்லை.

சாலையில் ஓர் இஸ்திரி வண்டிக்காரர் இருக்கிறார். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. மனைவியும் அந்தப் பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ்தான். மகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அப்பா மதியம் சாப்பாட்டுப் பை கொண்டு போனால் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது வந்து வாங்கிக்கொள்வாள். வாய் திறந்து கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். “கூட்டுக்காரிகள் பாண்டி என்று கேலி செய்கிறார்களாம் சார். அது சின்னப் பிள்ளை, என்ன செய்யும்?” என்கிறார் அவர். பள்ளிக்கூடப் பதிவில் தாய்மொழி மலையாளம் என்று இருப்பதையும் அவர்தான் சொன்னார். யார் எழுதியது என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

இம்முறை கணக்கெடுப்பு கைப்பேசி வழியாக நடக்கிறது; ஆள் வரும்வரை காத்திராமல் வீட்டுக்காரரே இணையத்தில் பதிந்துகொள்ளும் வசதியும் தரப்படுகிறது. அவர் வீட்டில் கைப்பேசியில் எழுதத் தெரிந்தவள் மகள் ஒருத்திதான். கணக்கெடுப்பாளர் நேரில் வந்தாலும் அது பகல் வேளையாக இருக்கும். அப்பா அப்போது வண்டியில் கரி போட்டுக்கொண்டிருப்பார். அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பள்ளி விடுமுறையாக இருந்தால் கதவைத் திறப்பவளும் அவள்தான்.